27 ஆயிரம் மிதி... கொட்டாம்பட்டியில் ஒரு நிறுத்தம்!

குட்டீஸ்... உங்களில் எத்தனை பேர் குரங்கு பெடல் போட்டு சைக்கிள் பழகினீர்கள்? அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே தெருவைச் சுற்றி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்! இப்போது குட்டி சைக்கிள்கள் நிறைய வந்துவிட்டதால் குரங்கு பெடல் குறைந்து போச்சு. முட்டியில் தழும்பு விழுவது மட்டும் குறையவில்லை.

இன்றைக்கு ஒரு சின்ன கணக்கோடு ஆரம்பிப்போம். உங்கள் சைக்கிளை வாசலில் நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். பெடலை ஒரே ஒரு முழுச் சுற்று மட்டும் சுற்றி நிறுத்துங்கள். மறுபடியும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பெரியவர்கள் ஓட்டும் சாதாரண சைக்கிளில் இது சுமார் 5 மீட்டர் வரும்.

திருச்சியில் இருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். அதாவது 1,35,000 மீட்டர். ஐந்தால் வகுத்தால்? 27 ஆயிரம் மிதி! இறக்கத்தில் மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போகலாமே என்கிறீர்களா? போகலாம். ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஒரு மேடு காத்திருக்கும்.

இந்த 27 ஆயிரம் மிதியையும் ஒரே நாளில் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பரிசுக்காக இல்லை, வேறு யாருக்கோ உதவுவதற்காக! நாலைந்து நாட்கள், சில சமயம் ஒரு வாரம் என்று கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டும் பயணங்கள் உலகம் முழுக்க நடக்கின்றன. அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்பவர் தன் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980ல் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறுக்கே இரண்டு நாட்கள் சைக்கிளில் போனார். அன்று கிடைத்தது 10 ஆயிரம் டாலர் சொச்சம். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணம், இதுவரை திரட்டிய தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது! அதே அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 7 நாட்கள், 877 கிலோமீட்டர். எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 2002ல் தொடங்கி 2025 வரை அந்தப் பயணம் நடந்தது. நம் பக்கத்திலும் 2008ல் இருந்து நீலகிரி மலைப்பாதைகளில் ஒரு வாரப் பயணம் நடக்கிறது. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் சைக்கிள்!

மலையேறுவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். சமவெளியும் சும்மா விடாது. அதைப் பார்க்கத்தான் இன்று உங்களைக் கொட்டாம்பட்டிக்குக் கூட்டிப் போகிறேன்.

நான்காம் நாள் காலை

கற்பனையாக ஒரு பயணம் போவோம். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பியிருக்கிறது. நீங்களும் பெரியவர்களாகி அதில் ஒருவர். மூன்று நாட்களில் 320 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் திருச்சி வந்தாயிற்று. இன்று நான்காம் நாள். மதுரை வரை போக வேண்டும்.

உங்கள் பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் சித்தப்பா, அத்தை, டியூஷன் டீச்சர், மளிகைக்கடை அண்ணாச்சி என்று 20 பேரின் பெயர்கள். ஒவ்வொருவரும், 'நீ ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் தருகிறேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். 135 கிலோமீட்டர் ஓட்டினால் இன்று மட்டும் 2,700 ரூபாய். 27 ஆயிரம் மிதி, 2,700 ரூபாய். அப்படியென்றால் பத்து மிதிக்கு ஒரு ரூபாய்! கணக்கு எவ்வளவு அழகாக வந்துவிட்டது பார்த்தீர்களா?

காலை ஐந்தரை மணி. எழுந்து உட்கார்ந்தால் தொடை 'வேண்டாம்' என்கிறது. வழக்கமில்லாமல் கடுமையாக உழைத்தால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காயங்கள் ஏற்படும். உடம்பு அவற்றைச் சரிசெய்யும் வேலையில் இறங்கும். அந்த வலி உழைத்த அன்றைக்கே முழுதாகத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள்தான் உச்சத்துக்கு வரும். விளையாட்டு விழாவில் ஓடிவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்திருப்பீர்களே, அதேதான். முதல் நாளின் வலியும் இரண்டாம் நாளின் வலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது நான்காம் நாளில் நிற்கிறீர்கள்.

போதாததற்கு உட்காரும் இடம் எரிகிறது. சிரிக்காதீர்கள்! நெடுந்தூரம் ஓட்டுபவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் சீட் உரசலால் வரும் புண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். உள்ளங்கையில் ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது அது. அடிக்கடி பிடியை மாற்றினால் குறையும்.

சைக்கிள் மாவட்டம்

திருச்சியை விட்டு ஒன்றரை மணி நேரத்தில் விராலிமலை. முருகன் கோயிலும் மயில்களும் உள்ள ஊர். இது புதுக்கோட்டை மாவட்டம். சைக்கிளில் போகிறவர்கள் இந்த மாவட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். காரணம் இருக்கிறது.

1991ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கிராமத்துப் பெண்கள் ஆரம்பத்தில் கேலியைச் சந்தித்தார்கள். 'பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா?' என்று கேட்ட காலம் அது. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆயிரமாயிரம் பேர் ஓட்டிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்தையே வலம் வந்தார்கள்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதாம். பெண்கள் கவலைப்படவில்லை. பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் கண்டுபிடித்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! தண்ணீர்க் குடம் கேரியரில், குழந்தை பாரில், அம்மா சீட்டில். பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடிந்தது.

உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ அந்தப் பக்கத்துக்காரர் என்றால், சைக்கிள் பழகிய கதையைக் கேட்டுப் பாருங்கள்.

காற்று வந்தால்...

துவரங்குறிச்சி நெருங்க நெருங்க, சாலை ஏறி இறங்கிப் போகிறது. காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் மேடே இல்லை. சைக்கிள்காரரின் தொடைக்குத்தான் தெரியும். மதுரை, திருச்சியைவிடக் கடல்மட்டத்தில் இருந்து உயரமான ஊர் என்பதை பூகோளப் புத்தகம் இல்லாமலே கால் சொல்லிவிடும்.

மேட்டைவிட மோசமானவர் ஒருவர் இருக்கிறார். காற்று! திருச்சியில் இருந்து மதுரைக்குத் தென்மேற்காகப் போக வேண்டும். ஆடி மாதத்தில் காற்று தென்மேற்கில் இருந்துதான் வீசும். அம்மியும் பறக்கும் காற்றில், நேர் எதிராக மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். மார்கழி, தையில் போனால் வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அதனால்தான் இந்த மாதிரிப் பயணங்களுக்கு நம் ஊரில் டிசம்பர், ஜனவரி நல்ல காலம்.

எதிர்காற்றை வெல்ல ஒரு வழி இருக்கிறது. வானத்தில் கொக்குகள் வரிசையாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். வேகமாகப் போகும் கூட்டத்தில் பின்னால் வருபவருக்கு உழைப்பு கால் பங்கு வரைகூடக் குறையும். சிறிது நேரம் கழித்து முன்னால் இருப்பவர் விலகிப் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னே போவார். பலசாலி அதிக நேரம் முன்னால் நிற்பார், களைத்தவர் பின்னாலேயே வரலாம். யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது என்பதால், முன்னால் இருப்பவர் 'பள்ளம்!', 'கல்லு!', 'நாய்!' என்று கத்திக்கொண்டே போக வேண்டும். மதுரைப் பக்கம் 'ஆடு!' என்றும் அடிக்கடி கத்த வேண்டியிருக்கும்.

(இதை நீங்கள் நண்பர்களோடு செய்து பார்க்கக் கூடாது. முன் சக்கரம் முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்தைத் தொட்டால் போச்சு. நான்குவழிச் சாலையில் குட்டீஸ் சைக்கிள் ஓட்டவே கூடாது. ஓகேவா?)

கொட்டாம்பட்டி

சுமார் 87 கிலோமீட்டர் முடிந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டுகிறது. கொட்டாம்பட்டி வந்துவிட்டது. மதுரை மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டோம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் இது. மேற்கே போனால் நத்தம், திண்டுக்கல். கிழக்கே போனால் கயிறு திரிக்கும் சிங்கம்புணரி, அப்புறம் காரைக்குடி. நான்கு பக்கத்துக்கும் வழி உள்ள ஊர். ஆனால் நம் கூட்டத்தில் ஒரு அண்ணனுக்கு எந்தப் பக்கமும் போகக் கால் வரவில்லை!

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை லேசாக நடுங்குகிறது. 'வாழைப்பழம் வேணுமா?' என்று கேட்டால் எரிந்து விழுகிறார். காலையில் ஜோக் சொல்லிக்கொண்டு வந்தவர்தான் இவர்.

கோபம் அவருடையது இல்லை குட்டீஸ், சர்க்கரை தீர்ந்துபோன உடம்பினுடையது. நாம் சாப்பிடும் சோறு, இட்லியில் இருந்து வரும் சர்க்கரைச் சத்தை உடம்பு 'கிளைகோஜன்' என்ற பெயரில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. பெரியவர்களின் உடம்பில் மொத்தமே அரைக் கிலோ அளவுக்குத்தான் சேமிக்க முடியும். விடாமல் கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்திலேயே அது காலியாகத் தொடங்கும். உடம்பில் கொழுப்பு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அது விறகு மாதிரி, மெதுவாகத்தான் எரியும். மூளைக்கு வேண்டியதும் முக்கியமாக அந்தச் சர்க்கரைதான். அது குறைந்தால் எரிச்சல், நடுக்கம், கண்ணைக் கட்டுவது எல்லாம் வரும். பரீட்சை அன்று காலையில் சாப்பிடாமல் போனால் கேள்வித்தாள் ஆடுமே, அதே கதை!

பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும் என்பது நெடுந்தூரம் ஓட்டுபவர்களின் பாலபாடம். அண்ணன், 'விராலிமலையில் நிற்க வேண்டாம், நேரமாகுது' என்று வீறாப்பாக வந்ததன் பலன் இது. இரண்டு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். கடலை மிட்டாயைவிட நல்ல சைக்கிள் உணவை நான் பார்த்ததில்லை. வெல்லம் உடனே எரியும், கடலை நின்று எரியும். பாக்கெட்டில் போட்டாலும் உருகி ஒழுகாது.

அடுத்தது தண்ணீர். வெயிலில் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாகப் போகும். போவது தண்ணீர் மட்டுமில்லை, உப்பும் சேர்ந்து போகிறது. சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுமே, அது உப்புதான். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு ஆபத்து வரும். உப்புப் போட்ட மோர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி இவையெல்லாம் நல்லது. பாட்டியைக் கேட்டால் இந்தப் பட்டியலில் பானகத்தையும் சேர்ப்பார். சரிதான்.

போதுமான தண்ணீர் குடித்தோமா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். சிறுநீரின் நிறத்தைப் பார்த்தால் போதும். வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்த்தியான மஞ்சள் என்றால் இன்னும் குடிக்க வேண்டும். மறுபடி சிரிக்கிறீர்கள்! பி.டி. வகுப்புக்குப் பிறகு நீங்களும் பார்க்கலாம்.

வேனில் ஏறலாமா?

அண்ணனுக்கு நடுக்கம் நின்றது. ஆனால் தலை சுற்றுகிறது என்கிறார். இந்த மாதிரிப் பயணங்களில் கடைசியாக ஒரு வேன் வரும். பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் அதில் இருக்கும். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். பிரான்சில் நடக்கும் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் 1910ல் இப்படி ஒரு வண்டியை விட்டார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? துடைப்ப வண்டி! பின்தங்கியவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். நிஜமாகவே வண்டியில் ஒரு துடைப்பத்தைக் கட்டி வைத்திருப்பார்கள்.

அண்ணன் ஏற மறுக்கிறார். அவர் நோட்டை எடுத்துக் காட்டுகிறார். மதுரைக்கு இன்னும் 48 கிலோமீட்டர், 960 ரூபாய். 'நான் வேனில் ஏறினால் அந்தக் குழந்தைகளுக்கு 960 ரூபாய் குறையுமே?' என்கிறார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு இளைஞர் இருந்தார். எலும்புப் புற்றுநோயால் 1977ல் வலது காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் குறுக்கே ஓடியே கடப்பது என்று 1980 ஏப்ரல் 12ல் கிளம்பினார். அப்போது வயது 21. ஒவ்வொரு கனடாக்காரரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். தண்டர் பே என்ற ஊருக்கு அருகே மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் அங்கேயே நின்றது. அவர் பாதியில் நிறுத்திவிட்டாரே என்று யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா? மறுபடியும் மறுபடியும் கொடுத்தார்கள். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. கிட்டத்தட்ட அந்த நாட்டின் மக்கள்தொகைக்குச் சமமான தொகை! அதே ஆண்டு ஜூனில் அவர் இறந்துபோனார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் ஓட்டங்கள் நடக்கின்றன.

என்னைக் கேட்டால், நோட்டில் பெயர் எழுதிய அத்தை கிலோமீட்டருக்கா பணம் தருகிறார்? கிலோமீட்டர் ஒரு சாக்கு. 'சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்களா, எதற்கு இவ்வளவு மிதிக்க வேண்டும்?' என்று சில சுட்டிகள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. கேட்கிறவரும் கொஞ்சம் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தால் கொடுப்பவருக்குக் கை நீளும். மயங்கி விழும் அளவுக்குக் கஷ்டப்பட வேண்டும் என்று எந்த அத்தையும் சொல்ல மாட்டார். வெயிலில் வியர்வை நின்று, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது களைப்பு இல்லை. வெப்பத்தாக்கு. உயிருக்கே ஆபத்து. உடனே நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, 108க்குப் போன் போட வேண்டும்.

அண்ணன் வேனில் ஏறினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினார். அவர் சைக்கிளும் மேலே ஏறியது.

மீதி 48

வெயில் தாழ்ந்த பிறகு மற்றவர்கள் கிளம்புகிறார்கள். மேலூருக்குப் போகும் வழியில் கருங்காலக்குடி. அங்குள்ள குன்றில், சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை! வழிநடைக் களைப்புக்கு அந்தக் காலத்திலேயே படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செதுக்கிய படுக்கைகளும் உண்டு. கல்லிலேயே தலையணை!

மேலூர் தாண்டினால் பெரியாறு பாசனத்தின் வயல்கள். பிறகு ஒத்தக்கடையில் யானைமலை. தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போலவே இருக்கும். வெகு தூரத்தில் இருந்தே தெரியும், ஆனால் மிதித்து மிதித்துப் போனாலும் கிட்டவே வராது! அதைத் தாண்டிவிட்டால் மதுரைதான்.

ராத்திரி தங்கும் இடத்தில் அண்ணன் சாதம் சாப்பிட்டு, குளித்து, பழைய ஆளாகிவிட்டார். எல்லோருடைய சைக்கிள் செயினுக்கும் அவரே எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். வால்டியூப் கிழிந்த இரண்டு சைக்கிளுக்குப் புதிது மாட்டியிருக்கிறார். நோட்டில் 135 என்று எழுதவில்லை. 87 என்றே எழுதி, பக்கத்தில் அத்தைக்கு ஒரு போன் போடுகிறார்.

அத்தை 135க்கே தருவதாகச் சொல்லிவிட்டார். கூடவே, 'நாளைக்காவது நேரத்துக்குச் சாப்பிடுடா' என்றும் ஒரு அதட்டல்.

கன்னியாகுமரிக்கு இன்னும் சுமார் 240 கிலோமீட்டர். எத்தனை மிதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!